யாழ்ப்பாண வீட்டுக்குப் புகை அலாரமும் காபனோரொட்சைட்டு அலாரமும்: வாங்குவது, பூட்டுவது, பராமரிப்பது

புகை அலாரம் வாங்குவது சுலபம். நாலு நாள் வீணாகக் கத்தியதும் வீட்டார் அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடாமல் பார்ப்பதுதான் கஷ்டம். யாழ்ப்பாணத்து வீட்டில் புகைக்குக் குறைவில்லை. காலையில் அடுப்பு, பொழுதுபடச் சாம்பிராணி, இரவில் நுளம்புத்திரி. கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுக்கும் நாளில் அடுத்த வளவுவரை நெடி போகும். ஆகவே குளிர்நாட்டு வீடுகளுக்கு எழுதிய குறிப்பை அப்படியே பார்த்துப் பூட்டினால் சரிவராது. முதன்முதலாக வாங்குபவர்களுக்காக, எங்கள் ஊர் வீட்டை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

எந்தக் கருவி எதற்கு

மூன்று கருவிகளை ஒன்றென்று நினைப்பதில்தான் முதற்பிழை தொடங்குகிறது. புகை அலாரம் தீப்பிடித்ததைச் சொல்லும். காபனோரொட்சைட்டு அலாரம், எரிபொருள் போதிய ஒட்சிசன் கிடைக்காமல் எரியும்போது உண்டாகும் நச்சு வாயுவைச் சொல்லும். சமையல் காஸ் கசிவதை இவை இரண்டுமே சொல்லாது. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடு முழுக்கக் காஸ் வெடிப்புச் செய்திகள் வந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்படியான கசிவுக்குப் பயந்து காபனோரொட்சைட்டு அலாரம் வாங்கி வைத்தால் அது பேசாமல்தான் இருக்கும். கசிவுக்குத் தனியாகக் காஸ் அலாரம் வேண்டும்.

இந்த மூன்றும் வைக்கும் உயரத்திலும் வேறுபடும். சூடான புகை மேலே போகும், அதற்குக் கூரைத்தட்டு. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு பரவும். அதற்கு நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் அளவில் சுவர். காபனோரொட்சைட்டு ஏறக்குறையக் காற்றின் பாரம்தான். எல்லா இடமும் கலந்துவிடும். படுக்கையறையில் அதைப் படுத்திருப்பவரின் தலைமட்ட உயரத்தில் வைப்பது நல்லது.

புகை அலாரம் எல்லா வீட்டுக்கும் வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. பழைய வயரிங், ஒரே பிளக்கில் தொங்கும் நாலு சார்ஜர், கட்டிலுக்குக் கீழே எரியும் நுளம்புத்திரி, திரைச்சீலைக்குக் கிட்ட குத்துவிளக்கு, இவற்றில் ஒன்றாவது இல்லாத வீடு குறைவு. காபனோரொட்சைட்டு அலாரம் அப்படியல்ல. யன்னல் எப்போதும் திறந்திருக்கிற, காஸ் அடுப்பு மட்டும் எரிகிற வீட்டுக்கு அது இரண்டாவது தேவை. ஆனால் ஜெனரேற்றர் இருந்தால், குளிரூட்டி பூட்டி மூடிய அறையில் படுத்தால், மழைநாளில் சிரட்டைக்கரியோ ஊமல் கரியோ உள்ளே எரித்தால், குளிக்கும் தண்ணீரைக் காஸில் சூடாக்கும் கருவி இருந்தால், அது முதல் தேவையாகிவிடும்.

ஜெனரேற்றர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. ஐப்பசி கார்த்திகையில் மழையும் புயலும் வந்தால் வயர் அறுந்து ஒரு நாள் முழுக்கக் கறண்ட் இல்லாமல் இருப்பதும் உண்டு. அப்போது மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று ஜெனரேற்றரை விறாந்தைக்கோ பின்பக்கத் தாழ்வாரத்துக்கோ இழுத்து வைப்பார்கள். ஆபத்து அங்கேதான். கதவு திறந்திருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். வாடைக்காற்று அடிக்கிற பக்கத்தில் ஜெனரேற்றர் இருந்தால் அதே திறந்த கதவால்தான் புகை உள்ளே வரும். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீற்றர், அதாவது 20 அடி எட்டத்தில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். நனையாமலிருக்க நாலு பக்கமும் திறந்த ஒரு சிறு கொட்டில் அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காற்றின் பத்து இலட்சம் பங்கில் 1,600 பங்கு இருந்தால் 20 நிமிடத்தில் தலையிடியும் வாந்தியும் தொடங்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள் உயிர் போகும். வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், காய்ச்சல் மட்டும் இல்லை, வெளியே வந்தால் குறைகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த, விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியை இதற்கு நம்ப வேண்டாம். காபனோரொட்சைட்டு ஒட்டிய இரத்தத்தையும் அது ஒட்சிசன் நிறைந்ததாகவே காட்டும்.

வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள்

பெட்டியின் முன்பக்கப் படத்தைவிடக் கருவியின் பின்பக்க ஒட்டுத்தாள் முக்கியம். அதில் நாலு விஷயம் இருக்கும்.

முதலாவது நியமம். ஈஎன் என்பது ஐரோப்பிய நியமம், யூஎல் என்பது அமெரிக்க நியமம். புகைக்கு ஈஎன் 14604 அல்லது யூஎல் 217, காபனோரொட்சைட்டுக்கு ஈஎன் 50291 அல்லது யூஎல் 2034, காஸ் கசிவுக்கு ஈஎன் 50194. ஒன்றும் அச்சடிக்காத மலிவுச் சாமானை விட்டுவிடுங்கள். ஈஎன் 50291 கருவி பத்து இலட்சத்தில் 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 100 பங்கு இருந்தால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடத்துக்குள்ளும் கத்த வேண்டும். கொஞ்ச வாயுவுக்கு உடனே கத்தவில்லையே என்று பயப்பட வேண்டாம். உடம்பில் சேரும் அளவைக் கணக்கிட்டே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, மின்னழுத்தம். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் உறவினர் அனுப்பும் பெட்டியில் வரும் வயர் இணைப்புக் கருவி பெரும்பாலும் 120 வோல்ற்றுக்கு உரியது. எங்கள் 230 வோல்ற்றில் கொடுத்தால் எரிந்துபோகும். அங்கிருந்து எடுப்பிப்பதென்றால் பற்றரியில் மட்டும் ஓடுவதை அனுப்பச் சொல்லுங்கள். இங்கிலாந்திலிருந்து வருவதற்கு இந்தப் பிரச்சினை இல்லை.

மூன்றாவது, உற்பத்தித் திகதி. புகை அலாரத்தின் ஆயுள் 10 வருடம். காபனோரொட்சைட்டு உணரிக்கு 5 முதல் 10 வருடம், வகைக்கு ஏற்றபடி. வெளிநாட்டில் வீடு திருத்தும்போது கழற்றிய பழைய கருவியை ‘வேலை செய்யுது’ என்று அனுப்புவதுண்டு. பொத்தானை அமத்தினால் அது கத்தவும் செய்யும். திகதி முடிந்திருந்தால் பூட்ட வேண்டாம்.

நாலாவது, புகையை உணரும் முறை. ஒளியால் உணரும் வகையையே வாங்குங்கள். மெத்தை, தும்பு, வயர் போன்றவை கனன்று புகைவதை அது முந்திப் பிடிக்கும். அமெரிசியம் 241 என்று எழுதியிருந்தால் அது அயனாக்க வகை. கனலும் தீயை அது பிந்தியே பிடிக்கும், சமையல் ஆவிக்கும் அடிக்கடி கத்தும்.

வைஃபையில் இணைந்து போனுக்கும் அறிவித்தல் அனுப்பும் கருவியை ‘ஸ்மார்ட்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம்? முதலில் சத்தம், பிறகுதான் போன். இரவு இரண்டு மணிக்குப் படுத்திருப்பவரை எழுப்புவது கருவியின் சைரன். 3 மீற்றர் தூரத்தில் 85 டெசிபெல் சத்தம் நியமத்திலேயே உண்டு. போனுக்கு வரும் அறிவித்தல், வீட்டில் ஆளில்லாதபோதும், வயோதிபர் தனியே இருக்கும்போதும் பயன்படும். இதைவிடப் பெரிய பயன், ஒரு கருவி கத்தினால் மற்ற எல்லாம் சேர்ந்து கத்துவது. குசினிப் பக்கத்தில் பிடித்த தீ முன்னறையில் படுத்திருப்பவருக்கு அப்போதுதான் கேட்கும். காசு குறைவென்றால் இணையம் இல்லாத, ஒன்றோடொன்று பேசும் சாதாரண அலாரம் மூன்று வாங்குங்கள். ஒற்றை ஸ்மார்ட் அலாரத்தைவிட அது மேல்.

போனில் உள்ள செயலி நின்றுபோனால் ஸ்மார்ட் கருவி பாதிப் பயன்தான் என்பதையும் யோசியுங்கள். பெயர்பெற்ற கூகுள் நெஸ்ட் புரொடெக்ட் என்ற ஸ்மார்ட் அலாரத்தையே உற்பத்தி செய்வதை நிறுத்துவதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். இணையம் இல்லாமலும் தானே கத்துகிற, தானே மற்றக் கருவிகளோடு பேசுகிற வகையைத் தெரிந்தெடுத்தால் அந்தக் கவலை குறையும். பற்றரியையும் பாருங்கள். சிஆர் 123ஏ வகை எல்லாக் கடையிலும் இராது. கருவியோடு சேர்த்து ஒரு சோடி மேலதிகமாக வாங்கி வையுங்கள். திரும்பச் சார்ஜ் ஏற்றும் பற்றரி இதற்கு வேண்டாம். அதன் அழுத்தம் இறங்கும் விதம் வேறு. ‘பற்றரி முடியுது’ என்ற எச்சரிக்கை சரியாக வராது.

எங்கே பூட்டுவது

மூன்று அறை வீட்டுக்குக் குறைந்தது இரண்டு புகை அலாரம்: அறைகளின் கதவுகள் திறக்கும் ஹோலில் ஒன்று, வயோதிபரோ பிள்ளைகளோ படுக்கும் அறையில் ஒன்று. மாடி இருந்தால் படி ஏறி முடியும் இடத்தில் இன்னொன்று. வசதி இருந்தால் ஒவ்வொரு படுக்கையறைக்கும்.

குசினிக்குள் புகை அலாரம் வேண்டாம். அடுப்பிலிருந்து 3 மீற்றராவது எட்டத்தில் இருக்கட்டும். ஆனால் மீற்றர் கணக்கு மட்டும் காணாது. பழைய வீடுகளில் குசினிக் கதவுக்கு மேலே சுவரில் காற்றுப்போகத் துவாரம் விட்டிருப்பார்கள். மிளகாய் வறுக்கும்போது ஹோலில் நின்று அண்ணாந்து பாருங்கள்: நீலப் புகை அந்தத் துவாரத்தால் ஒரு பட்டையாக வந்து கூரைத்தட்டோடு தவழ்ந்து போகும். அந்தப் பாதையில் அலாரத்தை வைத்தால் கிழமைக்கு ஒருக்காக் கத்தும். அதற்கு மறுபக்கம், அறைக் கதவுகளை ஒட்டி வையுங்கள். குசினிக்கும் ஒன்று வேண்டுமென்றால் வெப்ப அலாரம் வாங்குங்கள். புகைக்கு அது அசையாது. சுமார் 58 பாகை வெப்பம் வந்தால் கத்தும்.

சாமியறையும் அப்படித்தான். சாம்பிராணி போடும் அறைக்குள் பூட்டாமல் அதன் வாசலிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் தள்ளிப் பூட்டுங்கள். விளக்கு இரவு முழுக்க எரியும் வீட்டில் இந்த அலாரத்தைத் தவறவிட வேண்டாம்.

கூரைத்தட்டில் பூட்டும்போது சுவரிலிருந்தும் மின்குமிழிலிருந்தும் 30 சென்ரிமீற்றர் விலகல், சீலிங் ஃபானின் இதழ் நுனியிலிருந்து ஒரு மீற்றர் விலகல். ஃபான் காற்றுப் புகையைக் கருவிக்குள் போகவிடாமல் தள்ளிவிடும். சுவரில்தான் முடியுமென்றால் தட்டிலிருந்து 15 முதல் 30 சென்ரிமீற்றர் கீழே. தட்டு அடிக்காத ஓட்டு வீட்டில் ஓட்டு இடுக்கால் புகை வெளியேறிவிடும். அங்கே முகட்டின் உச்சியில் வைக்காமல், உச்சியிலிருந்து 10 சென்ரிமீற்றருக்குக் கீழே, 90 சென்ரிமீற்றருக்குள், கைமரத்தில் பூட்டுங்கள். எட்டாத உயரமென்றால் பொத்தான் அமத்தவும் முடியாது. அப்படியான வீட்டில் தட்டு அடித்த படுக்கையறைகளை முதலில் கவனியுங்கள்.

தகரக் கூரைக்கோ அஸ்பெஸ்ரஸ் கூரைக்கோ நேர்கீழே பூட்ட வேண்டாம். பல கருவிகள் 40 அல்லது 45 பாகைவரைதான் உத்தரவாதம். சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் அதைத் தாண்டிவிடும்.

முதலில் மேசையில் இணையுங்கள், பிறகு ஏணி

ஸ்மார்ட் கருவியைத் தட்டில் பூட்டிவிட்டுத்தான் வைஃபை இணைக்கப் பார்ப்பது வீண் வேலை. கருவியை றவுட்டருக்குக் கிட்ட மேசையில் வையுங்கள். பற்றரியின் பிளாஸ்டிக் நாடாவை இழுத்துவிட்டு, செயலியைப் போனில் இறக்கிக் கணக்கைத் திறவுங்கள். போனை 2.4 கிகாஹேட்ஸ் வைஃபையில் விடுங்கள். கருவி இணையாமல் நின்றால் பெரும்பாலும் காரணம், றவுட்டர் 5 கிகாஹேட்ஸை மட்டும் போனுக்குக் கொடுத்திருப்பது. றவுட்டரின் அமைப்பில் இரண்டையும் வேறு வேறு பெயராக்கினால் தீர்ந்துவிடும். ஒவ்வொரு கருவிக்கும் இடத்தின் பெயரை வையுங்கள்: ‘அம்மாவின் அறை’, ‘ஹோல்’. அலாரம் 1, அலாரம் 2 என்று விட்டால் அவசரத்தில் குழப்பம்.

அடுத்தது போன். ஆண்ட்ரொய்ட் போன்கள் பற்றரியை மிச்சப்படுத்தச் செயலிகளை உறங்க வைக்கும். அமைப்புகளில் இந்தச் செயலிக்குப் பற்றரிக் கட்டுப்பாட்டை நீக்கி, அறிவித்தல் அனுமதியும், சைலண்டில் இருந்தாலும் ஒலிக்கும் அனுமதியும் கொடுங்கள். கொடுத்தபின் போனைச் சைலண்டில் போட்டு, திரையை அணைத்து, அரை மணித்தியாலம் கழித்து கருவியின் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள். சில கருவிகள் சோதனைக்குப் போனுக்கு ஒன்றும் அனுப்பாது. கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிறகு கருவியைப் பூட்டப்போகும் இடத்துக்குக் கொண்டுபோய் இணைப்பு நிற்கிறதா பாருங்கள். சுண்ணாம்புக்கல்லில் கட்டிய பழைய வீட்டின் தடித்த சுவர் இரண்டைத் தாண்டினாலே வைஃபை மெலிந்துவிடும். மெலிந்த இணைப்பில் பற்றரியும் கெதியாகத் தீரும். கறண்ட் போனால் றவுட்டரும் போகும். ஆகவே றவுட்டருக்கும், ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து, சின்ன யூபிஎஸ் ஒன்று போடுங்கள்.

இனி ஏணி. கொங்கிறீற் தட்டென்றால் 6 மில்லிமீற்றர் துளை, றோல் பிளக், திருகாணி இரண்டு. துளைக்கும்போது கருவியைக் கிட்ட வைக்க வேண்டாம். சீமெந்துத் தூசு உள்ளே போனால் முதல் நாளே பழுதாகிவிடும். மரமென்றால் 2 மில்லிமீற்றர் முன்துளை போட்டு 25 மில்லிமீற்றர் திருகாணி. தட்டு அஸ்பெஸ்ரஸ் தகடென்றால் அதைத் துளைக்கவே வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. தகடுகள் சேருமிடத்தில் ஓடும் மரச்சட்டத்தில் பூட்டுங்கள், இடம் கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை. இருபக்க ஒட்டுநாடா எங்கள் சூட்டுக்கும் ஈரத்துக்கும் சில மாதம்கூடத் தாங்காது.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு

பெற்றோர் தனியே இருக்கும் வீடென்றால் ரொறன்ரோவில் உள்ள மகனையோ லண்டனில் உள்ள மகளையோ செயலியில் சேர்ப்பது இந்தக் கருவியின் மிகப்பெரிய நன்மை. இங்கே விடியப்புறம் 3 மணி என்றால் கோடையில் ரொறன்ரோவில் முதல்நாள் மாலை 5.30. அவர் விழித்திருப்பார். ஆனால் அறிவித்தல் வந்தால் என்ன செய்வது என்று முதலே பேசி வையுங்கள். 119 (பொலிஸ்), 1990 (அம்புலன்ஸ்) போன்ற சுருக்க இலக்கங்களுக்கு அங்கிருந்து எடுக்க முடியாது. ஆகவே முதலில் பெற்றோரின் போன். பதில் இல்லையென்றால் அடுத்த வளவுக்காரர். அதன்பின் தெருவில் உள்ள இன்னொருவர். மூன்று இலக்கத்தையும் 94 என்ற நாட்டுக்குறியீட்டோடு அவருடைய போனில் சேமிக்கச் சொல்லுங்கள். அடுத்த வளவுக்காரரிடம் ஒரு திறப்புக் கொடுத்து வைப்பது நல்லது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் படுக்கிற வீடென்றால் அதையும் யோசிக்க வேண்டும்.

கத்தினால் என்ன செய்வது

பல கருவிகளில் புகைக்கு மூன்று தரம் கத்தி ஒரு இடைவெளி. காபனோரொட்சைட்டுக்கு நாலு தரம் கத்தி ஒரு இடைவெளி. சோதனைப் பொத்தானை அமத்தி வீட்டார் எல்லாருக்கும் இரண்டையும் கேட்கப்பண்ணுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒருக்கா ‘கீச்’ என்றால் பற்றரி.

புகை அலாரம் கத்தித் தீ தெரிந்தால் எல்லாரும் வெளியே. பாதுகாப்பாக எட்டுமென்றால் மெயின் சுவிச்சை அணையுங்கள். மாநகரசபைத் தீயணைப்புப் பிரிவின் இலக்கத்தை இன்றே எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். தீவகத்துக்கோ வடமராட்சிக்கோ வண்டி வந்துசேர நேரமெடுக்கும். அலாரம் வாங்கித் தருவது ஓடுவதற்கான அந்த முதல் நிமிடங்களைத்தான்.

காபனோரொட்சைட்டு அலாரம் கத்தினால் யன்னல் திறந்துகொண்டு நிற்காமல் எல்லாரும் முற்றத்துக்கு வாருங்கள், ஆட்களை எண்ணுங்கள். ஜெனரேற்றர் வெளியில் இருந்தால் நிற்பாட்டுங்கள். ஒருவருக்காவது தலைச்சுற்றோ மயக்கமோ இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுத்து, ‘ஜெனரேற்றர் புகை’ அல்லது ‘கரிப் புகை’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். வைத்தியசாலையிலும் அதையே சொல்லுங்கள். சொன்னால்தான் இரத்தத்தில் அதைத் தேடுவார்கள், முழு ஒட்சிசன் கொடுப்பார்கள். வெளியே வந்ததும் சுகமாகிவிட்டது என்று திரும்ப உள்ளே போய்ப் படுக்க வேண்டாம். சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணித்தியாலம் ஆகும்.

வீண் சத்தமும் பராமரிப்பும்

வீணாகக் கத்தினால் சத்தத்தை நிற்பாட்டும் பொத்தானை அழுத்துங்கள். சில நிமிடம் பேசாமலிருந்து பிறகு தானே விழிக்கும். பற்றரியைக் கழற்ற வேண்டாம். ஒரே கருவி மாதத்தில் இரண்டாம் தரம் வீணாகக் கத்தினால் இடத்தை மாற்றுங்கள்.

எங்கள் ஊரில் உள்ளே போவது தூசும் பூச்சியும்தான். வைகாசி முதல் புரட்டாதிவரை சோளகக் காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும். மழை விட்ட அந்தியில் ஈசல் வெளிச்சத்தைத் தேடி வந்து கருவியின் துளைக்குள் புகும். கருவியின் பச்சை வெளிச்சமே அதற்குப் போதும். சின்னச் சிலந்தி கூடு கட்டினாலும் ஒளிக்கதிர் சிதறிப் புகையென்றே கருவி நினைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருக்கா மென்மையான பெயின்ற் தூரிகையால் துளைகளைச் சுற்றித் துடையுங்கள். வக்கியூம் கிளீனர் இருந்தால் வெளியிலிருந்து இழுத்துவிடுங்கள். ஈரத்துணி, வாசனைத் தெளிப்பான், நுளம்பு மருந்து ஒன்றும் அதில் படக்கூடாது. டெங்குக்குப் புகையடிக்க வரும் நாளிலும் வெள்ளையடிக்கும் நாளிலும் பொலித்தீன் பையால் மூடி, வேலை முடிந்ததும் அன்றைக்கே கழற்றுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் பற்றரி முனைகளில் உப்பு பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சோதனைப் பொத்தானை மாதம் ஒருக்கா அமத்துங்கள். ஊதுபத்தியையோ நுளம்புத்திரியையோ கருவிக்குக் கீழே பிடித்துச் சோதிக்க வேண்டாம். அதன் பிசின் உள்ளே படிந்து நிரந்தரமாகக் கெடுக்கும். இதற்கென்று விற்கும் சோதனைப் புகைத் தெளிப்பான் உண்டு, கிடைத்தால் வருடத்துக்கு ஒருக்கா அதைப் பாவியுங்கள். பொத்தான் சைரனையும் மின்சுற்றையும்தான் சோதிக்கும், காபனோரொட்சைட்டு உணரி கிழமாகிப் போனதை அது காட்டாது. ஆகவே பூட்டும் நாளிலேயே மாற்ற வேண்டிய வருடத்தைக் கருவியின் பக்கவாட்டில், ஏணி இல்லாமல் கீழே நின்று வாசிக்கக்கூடியதாக, தடித்த பேனையால் எழுதிவிடுங்கள்.